சட்டைப்பையில் ஒரு நாசில்

துறைமுகத்துக்குப் பின்பக்கம், ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை ஒன்றில், ஆறு எவர்சில்வர் டம்ளர்களை வைத்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார் ஜெபக்கனி டீச்சர்.

படகு எஞ்சின்களிலிருந்து இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தால், பிரித்து, கழுவி, சோதித்து, சரி செய்து தருவார். அதற்கு முன்னால் தொழிற்பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டு வருஷம் டீசல் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகியும் துறைமுகத்தில் ஒருத்தரும் அவரை மெக்கானிக் என்று கூப்பிடவில்லை. டீச்சர்தான். வயது நாற்பத்தொன்று.

அவருடைய ஒரே மாணவனுக்கு வயது ஐம்பத்து மூன்று.

பெயர் தொம்மை. முப்பது வருஷம், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்குப் படகு ஓட்டியவன். இப்போது கடலுக்குப் போவதில்லை. காலையில் வந்து கொட்டகையைத் திறப்பான், சாயங்காலம் பூட்டுவான். நடுவில் பேச்சு குறைவு. பேசினால் திட்டு.

அவன் சட்டையின் இடது பையில் எப்போதும் ஒரு நாசில் கிடக்கும். இன்ஜெக்டரின் நுனியில் உட்கார்ந்து எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற, சுண்டுவிரல் நீள இரும்பு. நுனி கரிந்து நீலம் பாரித்தது. அதனால் அவனிடமிருந்த அத்தனை சட்டைகளிலும் நெஞ்சுக்கு மேலே ஒரு கறை இருந்தது.

"சட்டையத் துவைச்சு என்னத்துக்கு? உங்களத்தான் ஊறப் போடணும்" என்பாள் அவன் மனைவி பிலோமி.

சிரிக்காமல்தான் சொல்வாள். அந்த நாசிலால் போனது அவளுடைய தம்பி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொம்மையிடம் சொந்தப் படகு இருந்தது. அதில் பழைய லாரியிலிருந்து இறக்கிய ஆறு சிலிண்டர் எஞ்சின். நாசில்கள் தேய்ந்துவிட்டன என்று ரூபர்ட்டின் உதிரிபாகக் கடையில் போய் ஆறு வாங்கினான்.

"இதுதானா எங்க எஞ்சினுக்கு?" என்று கேட்டும் வைத்தான்.

"எல்லாம் ஒண்ணுதான் தொம்மை. கண்ண மூடிக்கிட்டு மாட்டு" என்றான் ரூபர்ட்.

நாலாம் நாள் கடலில் கரும்புகை கக்கிக்கொண்டு எஞ்சின் நின்றது. பிஸ்டனில் ஓட்டை. காற்று படகை இழுத்துக்கொண்டு போனது. மிதந்த மூன்றாம் நாள் பகலில், தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. பிலோமியின் தம்பி செலஸ்டின், இடுப்பில் ஒரு காலி கேனைக் கட்டிக்கொண்டு, "நான் போய்க் கூப்பிட்டுட்டு வாரேன் மச்சான்" என்று குதித்தான். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவன் மாதிரித்தான் சொன்னான். கப்பல் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் திரும்பி வரவில்லை.

பிறகு வேறொரு படகு கண்டு கட்டி இழுத்து வந்தது. ஆறு பேர் போய் ஐந்து பேர் வந்தார்கள்.

ரூபர்ட் துக்கம் கேட்க வந்தான். கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதான். "பெட்டியில வந்தத வித்தேன். எனக்கு எதுவும் தெரியாது தொம்மை. தெரிஞ்சா தருவனா?"

தெரியாமல் செய்தவனை என்ன செய்ய முடியும்? அடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தொம்மையின் கோபத்துக்குக் கால் ஊன்ற இடமில்லாமல் போயிற்று. பிஸ்டன் ஓட்டையான சிலிண்டரிலிருந்து கரிந்த நாசிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக டீச்சரிடம் வந்து நின்றான்.

"இது எப்பிடி ஒரு மனுசனக் கொல்லும்? எனக்குச் சொல்லிக் குடுங்க."

டீச்சர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். "கழுத்தச் சுத்திப் பொடி எழுத்து இருக்கும். படிங்க."

"நூத்தி அறுபது."

"உங்க எஞ்சினுக்கு நூத்தி அம்பது. பீச்சுற கோணம் அது. பிஸ்டன் தலையில ஒரு குழி இருக்கில்லா? அந்தக் குழிக்குள்ள விழ வேண்டிய டீசல் விளிம்புல விழுந்திருக்கு. விழுந்து விழுந்து எரிச்சிருக்கு."

"பத்து டிகிரியா?"

"பத்து."

"உருவத்துல?"

"ஒரு வித்தியாசமும் இல்ல. அச்சு அசலா மாட்டும்."

தொம்மை வெகுநேரம் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, தரையைப் பெருக்க ஆரம்பித்தான். அன்றிலிருந்து மாணவன்.

கொட்டகையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு டம்ளர், ஒரு சோடி.

நாசில் என்பது இரண்டு துண்டு. ஒரு கூடு, அதற்குள் ஓடும் ஒரு ஊசி. தலைமயிரை இருபதாய் வகிர்ந்தால் வரும் ஒரு பங்குதான் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம். ஒன்றையொன்று உரசி உரசிப் பழகியவை. ஒரு கூட்டின் ஊசியை இன்னொரு கூட்டில் போட்டால், ஒன்று சிக்கும், இல்லாவிட்டால் ஒழுகும். அதனால் ஆறு நாசிலைப் பிரித்தால் ஆறு டம்ளரில் சுத்தமான டீசல் ஊற்றி, ஊசியையும் கூட்டையும் சோடி பிரியாமல் அதனதன் டம்ளரில் போட வேண்டும். டம்ளர்களில் டீச்சர் நகப்பூச்சால் ஒன்று முதல் ஆறு வரை எழுதி வைத்திருந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தபோது லிபோன்ஸ் ஒரு சாக்கில் ஆறு இன்ஜெக்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ரூபர்ட்டுக்குச் சொந்தப் படகு ஒன்று உண்டு. அதற்கு லிபோன்ஸ்தான் டிரைவர். ரூபர்ட் கரையை விட்டு இறங்கினவன் இல்லை.

"டீச்சர், பதினஞ்சாந் தேதி விடியக்காலம் முத ஆளாக் கிளம்பணுமாம். முதலாளி உத்தரவு."

டீச்சர் சாக்கைத் தொம்மையின் பக்கம் தள்ளினார்.

"நீங்க பாருங்க அண்ணாச்சி."

தொம்மை சாக்கைத் தொடவில்லை. "இது யார் படகுன்னு தெரியுமில்லா?"

"தெரியும்."

"நீங்களே பாத்தா என்ன?"

"எனக்கு எட்டு படகு கிடக்கு. நாம என்ன முப்பது பேரா இருக்கோம்?"

வாஷர் வெட்டி வாங்க டீச்சர் லேத் பட்டறைக்குப் போனார்.

தொம்மை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரிக்கும்போதே பல்லைக் கடித்தான். ஸ்பிரிங்கை எடுத்தான், கரியைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தான், சோடி சோடியாக டம்ளரில் போட்டான். கை பழக்கத்தில் நடந்தது. ஆறாவது கூட்டைத் துடைக்கும்போதுதான் கழுத்து எழுத்து கண்ணில் பட்டது. பூதக்கண்ணாடியை எடுத்தான்.

நூற்றைம்பது.

ஐந்தாவதை எடுத்தான். நூற்றைம்பது. நாலாவது. மூன்றாவது. ஆறும் நூற்றைம்பது. அதுவும் புதுசு இல்லை. மூன்று வருஷமாவது ஓடிய தேய்மானம் தெரிந்தது.

அதே வகை எஞ்சின். அதே ரகப் பழைய லாரியிலிருந்து இறக்கியது. தொம்மைக்கு நூற்றறுபதைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்ன அன்றைக்கே, ரூபர்ட்டின் படகில் நூற்றைம்பது ஓடிக்கொண்டிருந்தது.

ரூபர்ட்டுக்குத் தெரிந்திருந்தது.

தொம்மையின் காதுக்குள் ரத்தம் இரைந்தது. என்ன செய்கிறோம் என்று ஒரு பாதிக்குத் தெரிந்தும் மறுபாதிக்குத் தெரியாமலும், முதல் டம்ளரை எடுத்துத் தட்டில் கவிழ்த்தான். இரண்டாவதைக் கவிழ்த்தான். ஆறையும் கவிழ்த்தான். ஆறு ஊசியும் ஆறு கூடும் ஒரே தட்டில், டீசலில், கிணுகிணுவென்று உருண்டு கலந்தன.

டீச்சர் திரும்பி வந்தபோது காலி டம்ளர்கள் தரையில் கிடந்தன. தொம்மை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"விழுந்துட்டா?"

"கவுத்துட்டேன்."

டீச்சர் தட்டைப் பார்த்தார். ஒரு கூட்டை எடுத்துக் கழுத்தைப் படித்தார். இன்னொன்றைப் படித்தார். அவருடைய தாடை இறுகியது.  டம்ளர்களைப் பொறுக்கித் துடைத்து வரிசையாக வைத்தார்.

"படிச்சீயளா டீச்சர்?" தொம்மை எழுந்தான். "தெரிஞ்சே குடுத்திருக்கான். சிலுவையப் பிடிச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி முன்னால அழுதான் டீச்சர், அவளும் சேர்ந்து அழுதா! அவனுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா!"

"ம்."

"கண்டபடி மாட்டி அனுப்புதேன். எந்த ஊசி எந்தக் கூட்டுல போனா என்ன? அவன் எஞ்சினும் நடுக்கடல்ல நிக்கட்டும்."

"நிக்கும்" என்றார் டீச்சர். "எந்தெந்த ஊசி எதெதுக்குன்னு இப்பவே தெரியணும். தேடி எடுங்க."

"நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன சொல்லுதீய!"

"நீங்க சொன்னதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். தேடிக்கிட்டே சொல்லுங்க."

தொம்மை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து லிபோன்ஸ் கொட்டகைக்குள் தலையை நீட்டினான். தோளில் புதுக் கயிறு, வாயில் வெற்றிலை.

"ஆச்சா தொம்மையண்ணே?"

"இல்ல."

"மெதுவாப் பாருங்க. படகுல வாற பயக்க கேட்டானுவ, யாரு பாக்குறதுன்னு. தொம்மையண்ணன்னு சொன்னேன். அப்ப சரி, நிம்மதியாப் படுத்துத் தூங்கலாம்னானுவ." லிபோன்ஸ் வெளியே துப்பிவிட்டு வந்தான். "ஒம்பது பேரும் தூங்கிட்டா வலைய யாரு இழுக்கதுன்னு கேட்டேன். அதுக்கும் தொம்மையண்ணன வரச் சொல்லுங்கானுவ!"

தானே சிரித்துக்கொண்டு போனான்.

தொம்மை தட்டைப் பார்த்தான். லிபோன்ஸ் போன வாசலைப் பார்த்தான். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஒரு ஊசியை எடுத்து, டீசலில் நனைத்து, ஒரு கூட்டுக்குள் விட்டு, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து நிமிர்த்திப் பிடித்தான். சரியான சோடியாக இருந்தால் ஊசி தன் கனத்தில் தானே மெதுவாக இறங்கும். இது பாதியில் நின்றது. வேறு கூடு. இதில் தொபுக்கென்று விழுந்தது. வேறு கூடு.

"திருட்டுப் பய" என்றான். ஊசி சிக்கியது.

"கொலகாரப் பய." விழுந்தது.

"ஊசியத் திட்டாதீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர், தன் வேலையிலிருந்து தலை நிமிராமல். "அது கடை வைக்கல."

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் எழுந்திருக்கவில்லை. நாலு சோடி சேர்ந்தன. மிச்சம் இரண்டு ஊசி, இரண்டு கூடு. எதை எதில் போட்டாலும் ஒரே மாதிரித்தான் இறங்கின. கண்ணை நம்ப முடியாது. டெஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

டெஸ்டர் என்பது ஒரு கைப்பம்பு. இன்ஜெக்டரை அதில் முறுக்கி, கைப்பிடியை அழுத்தினால் உள்ளே டீசலின் அழுத்தம் ஏறும். அதைக் காட்டும் கேஜ் முள் இருநூறைத் தொடும்போது ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து ஊசி எழும்பும், டீசல் புகையாகப் பீறிடும். அந்தப் பீச்சலுக்கு முன்னால் கையை நீட்டக் கூடாது. தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அப்படி விரலை இழந்த இரண்டு பேர் அதே துறைமுகத்தில் இருந்தார்கள்.

தொம்மை ஐந்தாவதைச் சோதித்தான். ஒழுகியது. ஊசிகளை மாற்றிப் போட்டுச் சோதித்தான். கிர்ர் என்று ஒரு அதட்டல் போட்டு, புகையாக விரிந்து, நின்றது. அப்படியானால் மிச்சமிருப்பது ஆறாவது. அதையும் டெஸ்டரில் முறுக்கினான்.

அப்போதுதான் ரூபர்ட் வந்தான். வெள்ளை வேட்டி, கழுத்தில் அதே சிலுவை.

"டீச்சரம்மா, நம்ம சாமான் ரெடியா? அடடே, தொம்மையா பாக்குதான்! வித்தை கத்துக்கிட்டான் போல."

தொம்மை கேஜைப் பார்த்தான். கைப்பிடியை மெதுவாக அழுத்தினான். முள் நூறைத் தாண்டியது.

"எங்கன இருந்து வருது இந்தப் பீச்சல்?" ரூபர்ட் குனிந்தான். "இந்தப் பொடி ஓட்டையிலயா?" என்று ஆள்காட்டி விரலை நுனிக்குக் கீழே கொண்டுபோனான்.

முள் நூற்றெண்பதில் நின்றது.

டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

இன்னும் இருபது. ஒரு அழுத்து. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவனேதான் விரலை நீட்டினான். தெரியாமல் நடந்துவிட்டது என்று தொம்மையும் சொல்லலாம். சிலுவையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்யலாம்.

சிலுவை ரூபர்ட்டின் கழுத்திலிருந்து தொங்கி டெஸ்டரின் மேல் ஆடியது.  நெஞ்சுப் பையில் கிடந்த நாசில் விலா எலும்பில் குத்தியது.

"விரல எடும்."

"என்னது?"

"விரல எடும்வே!"

அந்தச் சத்தத்தில் டீச்சர் திரும்பினார். விரலைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். ரூபர்ட் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். தொம்மை அழுத்தினான். கிர்ர். புகை விரிந்து நின்றது. ஆறாவதும் சரி.

"இப்பிடியா பயமுறுத்துவான் மனுசன்!" ரூபர்ட் சிரிக்கப் பார்த்தான்.

டீச்சர் பூதக்கண்ணாடியை அவன் கையில் திணித்தார்.

"அந்த நாசில் கழுத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"எனக்கென்ன தெரியும் டீச்சரம்மா, கண்ணு வேற—"

"படியும்."

இரண்டு வருஷத்தில் டீச்சர் யாரையும் 'நீரு' என்று பேசித் தொம்மை கேட்டதில்லை.

"நூ... நூத்தம்பது."

டீச்சர் தொம்மையிடம் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. பையிலிருந்து கரிந்த நாசிலை எடுத்துக் கொடுத்தான்.

"இது நீரு இவருக்கு வித்தது. இதையும் படியும்."

ரூபர்ட் படிக்கவில்லை. கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை.

"உமக்குத் தெரியாதுன்னு சொன்னீரு!" டீச்சரின் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. ஐஸ் கம்பெனி ஆட்கள் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள். "பெட்டியில வந்தத வித்தேன்னு, செத்தவன் வீட்டுக்குள்ள வந்து நின்னு சொன்னீரு! உம்ம படகுக்கு மட்டும் எப்பிடிவே தெரிஞ்சுது? உம்ம எஞ்சினுக்கு என்ன எண்ணுன்னு தெரியும், அடுத்தவன் எஞ்சினுக்குத் தெரியாதா? இன்னும் எத்தனை பெட்டி இருக்கு கடையில?"

"டீச்சரம்மா, வெளிய ஆளுக நிக்காங்க..."

"அவங்க கேக்கத்தான் சொல்லுதேன்! எத்தனை பெட்டி?"

"ஒரு... ஒரு பத்துப் பதினஞ்சு."

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அம்புட்டும் இந்த மேஜைக்கு வரணும். நீரு பாக்க நான் சுத்தியலால அடிப்பேன். யாரு யாருக்கு வித்தீரோ அவங்க பேரும் வரணும், அவங்க கடலுக்குப் போகுறதுக்கு முன்னால கழட்டணும். வரலேன்னா, இந்த ரெண்டு நாசிலையும் எடுத்துக்கிட்டுப் படகுச் சங்கத்துக்கும் ஸ்டேசனுக்கும் நானே நடந்து போவேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன். வந்தாலும், எவன் கேட்டாலும் நடந்தத நடந்தபடி சொல்லுவேன். விளங்குதா?"

ரூபர்ட் தலையை ஆட்டினான். சிலுவையைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

டீச்சர் ஆறு இன்ஜெக்டரையும் சாக்கில் போட்டு அவனிடம் நீட்டினார்.

"ஒம்பது பேரு போற படகுக்கு உள்ள சாமான். பத்திரமாக் கொண்டு போங்க."

'போங்க' என்றார். பழைய குரல்.

அவன் போனபிறகு, டீச்சர் ஒரு சிவப்பு பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஐஸ் கம்பெனிச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதினார். எஞ்சினின் பேர். அதற்குக் கீழே, நூற்றைம்பது. அதற்குக் கீழே, 'கழுத்தைப் படித்துவிட்டு வாங்கு.' எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அப்போதே தங்கள் படகைப் பார்க்க ஓடினார்கள்.

பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். அடுத்த படகின் இன்ஜெக்டரைப் பிரிக்க ஆரம்பித்தார். ஸ்பானரைப் பிடித்த கை நிதானமாக இருந்தது.

தொம்மைக்கு வேலை ஓடவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"உங்களுக்கு அவன் மேல கோவம் இல்லியா?"

"நீங்க கேக்கலியா? அஞ்சாறு தெருவுக்குக் கேட்டிருக்குமே."

"அது இல்ல. இப்ப."

"நாளைக்குப் பெட்டி வரலேன்னா மறுபடியும் வரும்."

தொம்மை எழுந்து போய் வாசலில் நின்றான். ஈரப் பெயின்டைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"எனக்கு நிக்க மாட்டேங்குது டீச்சர். விரல எடும்னு சொன்னேன். சொல்லாம அழுத்தியிருக்கலாம்னு இந்த நிமிசம் வரைக்கும் தோணுது. ரெண்டு வருசமா சோறு திங்கும்போதும் இந்தக் கோவம்தான். பிலோமி மூஞ்சியப் பாக்கும்போதும் அதுதான். நீங்க கத்தினதக் கேட்டா என் வயிறு நிறையும்னு நெனச்சேன். நிறையல. இந்தக் கோவத்த விட்டுருன்னு பங்குச் சாமியார் சொன்னாரு. விட்டா செலஸ்டினுக்கு யாரு இருக்கா? நீங்களும் அதத்தான் சொல்லப் போறீயளா? கோவமே படக் கூடாதா மனுசன்?"

டீச்சர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

மேஜையில் கிடந்த கரிந்த நாசிலை எடுத்து ஒரு இன்ஜெக்டரில் பூட்டினார். ஸ்பிரிங்கை வைத்து இறுக்கி, டெஸ்டரில் முறுக்கினார். அடியில் ஒரு டம்ளரை வைத்தார்.

"அடிங்க."

தொம்மை கைப்பிடியை அழுத்தினான். முள் ஏறப் பார்த்தது, தடுமாறியது, இறங்கியது. சத்தமே இல்லை. புகையும் இல்லை. நுனியில் ஒரு சொட்டு திரண்டு டம்ளரில் விழுந்தது. இன்னொன்று. இன்னும் வேகமாக அடித்தான். மூக்கு ஒழுகுவதுபோல ஒரு நூல் இறங்கியது. கையை எடுத்தான். சொட்டுவது நிற்கவில்லை.

டீச்சர் அதைக் கழற்றி டம்ளருக்குள் போட்டுவிட்டு, அப்போதுதான் சரி செய்து முடித்திருந்த வேறொரு படகின் இன்ஜெக்டரை எடுத்து முறுக்கினார்.

"அடிங்க."

முள் இருநூறைத் தொட்டது. கிர்ர்ர். நாய் உறுமுவதுபோல ஒரு சத்தம். வெள்ளைப் புகை விசிறியாக விரிந்து மறைந்தது. டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நாசில் நுனியில் ஒற்றினார். தொம்மையிடம் நீட்டினார். காகிதம் காய்ந்திருந்தது; பீச்சி முடிந்ததும் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

தொம்மை காகிதத்தைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். மாணவனாகவே கேட்டான்.

"முதல்ல போட்டதுக்கு அழுத்தம் கூட வச்சீயளோ டீச்சர்? இல்ல கொறச்சா?"

"ரெண்டுக்கும் ஒரே அழுத்தம்தான் அண்ணாச்சி."